மழை பெய்தாலும் நடை உண்டு

அக்டோபர் 20, ஞாயிறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. எங்கள் பாளை பறவை நோக்கர் வட்டத்தின் ஞாயிறு நடையும் தொடங்கிவிட்டது. போன வருடம் இதே காலத்தில், “கோமதி சார், தூறுதே, இன்னைக்கு நடை உண்டா?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக் கேட்டே என் உயிரை வாங்கினார்கள். இந்த வருடம் அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. குழுவின் முகப்பிலேயே போட்டுவிட்டேன்: “மழை பெய்தாலும் நடை உண்டு. இடி இடித்தாலும் உண்டு. ஒருவரும் வராவிட்டாலும் உண்டு. இப்படிக்கு, கோமதிநாயகம், அமைப்பாளர்.”

மழையில் பறவை இருக்காது என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை. பறவை எங்கே போகும்? அதற்கென்ன அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா வீடா இருக்கிறது? அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். நாம்தான் வீட்டில் பஜ்ஜி தின்றுகொண்டு, “ஒரு குருவியைக் காணோமே” என்று அங்கலாய்ப்போம்.

மூன்று பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டு மேலப்பொட்டல் குளத்துக்குப் போனால், மடை பக்கத்தில் ஒரு வேனே நிற்கிறது! கைலாசம் அண்ணாச்சி என்று ஒரு புது ஆர்வலர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ரெக்ஸின் பை. தன் செலவில் இரண்டு குடும்பங்களை அழைத்து வந்திருக்கிறார். “நம்ம ஜனங்களுக்கும் பறவைன்னா என்னன்னு தெரியணும்லா சார்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குத் தொலைநோக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை. அதனால் என்ன, ஆர்வம்தானே முக்கியம்.

ஒரு குடும்பம் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்கள் பையன் சந்தனக் கலர் கோட்டும் அரை லிட்டர் சென்டுமாக வந்திருந்தான். இன்னொரு குடும்பம் நம் ஊர்தான். ஆவுடையம்மாள் என்ற அம்மா பட்டுப்புடவையில் சேற்றில் நிற்கிறார்! அவர் மகள் வடிவு. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். சிவப்புக் குடை பிடித்திருந்தாள். குளக்கரைக்குச் சிவப்புக் குடை கொண்டுவரக் கூடாது என்று அங்கேயே கண்டித்தேன். “அப்ப நனையட்டுமா சார்?” என்று கேட்டாள். தாழ்த்திப் பிடித்தால் போதும் என்றேன்.

மழை வலுத்ததும் எல்லோரும் மடைப் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் ஒண்டினோம். கோயம்புத்தூர்ப் பையன் கம்பத்தில் இருந்த கரும்பருந்தைக் காட்டி, “கழுகு!” என்றான். என் ரத்தம் கொதித்தது. அதற்குள் வடிவு, “சார், பருந்து ஏன் மழையில பறக்காம இப்படித் தொங்கிப்போய் உக்காந்திருக்கு? கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்” என்று கேட்டாள். என்ன அருமையான கேள்வி! வெயில் சூட்டில் மேலே எழும் காற்றில்தான் பருந்து வட்டமிடும் என்பதில் தொடங்கி, இறகு, எலும்பு, எலி என்று நிதானமாக விளக்கினேன். நான் எலிக்கு வருவதற்குள் கோயம்புத்தூர்க்காரர்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அறிவுத்தாகம் எல்லோருக்கும் இருக்காது.

அக்டோபர் 22, செவ்வாய்

விடாத மழை. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் இல்லை. ஒரு தாத்தா மட்டும் வந்து, மழையில் கண்ணாடி மங்குது, பவர் மாத்துங்க என்றார். துடைத்துக் கொடுத்தேன். பவர் கூடிருச்சு என்று சந்தோஷமாகப் போனார்.

அம்மா சாப்பாட்டு நேரத்தில், “முப்பத்தஞ்சு ஆகப் போகுது, ஊருக்கெல்லாம் கண்ணு பாக்க, உனக்கு ஒண்ணு பாக்கத் தெரியலயே” என்று ஆரம்பித்தாள். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். சாப்பிட்டது மோர்.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று கூட்டம் இன்னும் அதிகம். கைலாசம் அண்ணாச்சி இந்த முறை பெங்களூரிலிருந்து ஒரு குடும்பத்தையே தருவித்துவிட்டார். ஒரு குளத்தைப் பார்க்க பெங்களூரிலிருந்து! வடிவும் ஆவுடையம்மாளும் தவறாமல் வந்தார்கள். இன்று கறுப்புக் குடை. தலையில் கனகாம்பரம். இது தற்செயலாகக் கண்ணில் பட்டது.

விடிகாலையில் கொட்டித் தீர்த்த மழை நாங்கள் போனதும் விட்டது. உடனே கரையெங்கும் ஈசல் புறப்பட்டது. ஆகா, அதைவிடப் பெரிய விருந்து பறவைக்கு உண்டா! கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா, காக்கை என்று ஒரு பட்டாளமே இறங்கியது. மழையில் பட்டினி கிடந்ததை ஒரே மூச்சில் ஈடுகட்டிவிடும். அந்த ஈசல் புற்று சரியாகப் பெங்களூர்ப் பையன் காலடியில் இருந்தது. அவன் தலையைச் சுற்றிக் கரிச்சான்கள் விர்விர்ரென்று பாய்ந்தன. ஒன்று அவன் காதை உரசிக்கொண்டு ஈசலைக் கவ்வியது.

“அம்மா!” என்று அலறினான்.

“அசையாதீங்க!” என்று அதட்டினேன். “நீங்க ஓடினா எல்லாம் போயிரும். இந்த மாதிரி காட்சி வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அப்படியே நில்லுங்க!”

“சார், மூக்குல பூந்துட்டு சார்!”

“வாயை மூடிட்டு நில்லுங்க, அதுக்குள்ளயும் போயிரும்.”

வடிவு எங்கள் பக்கமே திரும்பாமல் குளத்தைப் பார்த்துத் தோள் குலுங்க நின்றாள். குளிராக இருக்க வேண்டும். பிறகு திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சார், ஈசலுக்கு ஏன் ஒரே நாள்ல இறக்கை விழுந்துருது? முதல்லருந்து சொல்லுங்க” என்றாள். முதலிலிருந்து சொன்னேன். பையன் அசையாமல் கேட்டான். கடைசியில் அவன் அப்பா வந்து அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

கைலாசம் அண்ணாச்சி முகம் வாடியிருந்தது. காலில் செருப்பு கடித்ததாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தத்தில் காக்கைகள் திசைதெரியாமல் பறந்தன. நல்லவேளை, மதியம் மழை வந்து திரியை எல்லாம் நனைத்தது. பறவைகள் சார்பாக மழைக்கு நன்றி. தெருப் பையன்கள் என்னை முறைத்தார்கள், நானா பெய்தேன்?

நவம்பர் 3, ஞாயிறு

நடை நடந்தது. வடிவு வரவில்லை. எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்ததாம். குளத்தில் ஒரு பறவைகூட இல்லை. வெறிச்சோடிக் கிடந்தது.

பட்டியல்: கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், நாமக்கோழி முந்நூறுக்கும் மேல், முக்குளிப்பான், தகைவிலான் கூட்டம், விரால் அடிப்பான் ஒன்று.

நவம்பர் 6, புதன்

மாலையில் மின்தடை. அலுவலக எண்ணுக்கு அடித்தேன். வடிவே எடுத்தாள்.

“சொல்லுங்க, எந்தத் தெரு?”

“கோமதிநாயகம் பேசுதேன்.”

“அது தெருப் பேரு இல்லையே சார்” என்றாள். கரண்ட் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

நவம்பர் 8, வெள்ளி

இன்று மின்தடை இல்லை. ஆனாலும் மேகம் கறுத்திருந்ததால், வரக்கூடும் என்று அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தேன். இது ஒரு குடிமகனின் கடமை.

“வராத கரண்ட் கட்டுக்கு யாரு சார் புகார் குடுக்கா?” என்றாள் வடிவு.

“எங்க வீட்டு எதிர்ல உள்ள கம்பியில ஒரு மீன்கொத்தி நனைஞ்சுபோய் உக்காந்திருக்கு” என்றேன்.

“அதுக்கு ஷாக் அடிக்காது சார். ரெண்டு காலும் ஒரே கம்பியிலதான் இருக்கு.”

தெரியும் என்று சொன்னேன். பிறகு மீன்கொத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

இன்றைய மழையில் குளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. சேறு முங்கிப்போனதால் உள்ளான்கள் இடம் பெயர ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் ஏற ஏற, சேற்றில் மேய்கிற சின்னப் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. நாமக்கோழிக்கும் வாத்துக்கும்தான் கொண்டாட்டம்.

கைலாசம் அண்ணாச்சி இன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். உலகநாதன். சொந்த மழைக்கோட்டு. சொந்தத் தொலைநோக்கி, அதுவும் நல்ல தொலைநோக்கி. அதைக் கழுத்தில் சரியாக மாட்டியிருந்தார். சென்ட் கிடையாது. வந்ததும் என் கையைப் பிடித்து, “உங்களைப் பத்தி நிறையச் சொன்னாங்க சார்” என்றார்.

வடிவு வழக்கம்போல ஆரம்பித்தாள். “சார், இந்த உள்ளான் எல்லாம் எங்கருந்து வருது? விளக்கமா சொல்லுங்க.”

விளக்கமாகச் சொன்னேன். ஷெட் தகரத்தில் மழை அறைந்தது. ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டார்கள். உலகநாதன் விடவில்லை! குனிந்து, காதில் கை வைத்து, கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும், “சார், அப்போ அதுங்க திரும்பிப் போறப்போ இதே வழியில்தான் போகுமா?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் நான் பேசி முடித்த பிறகு ஒரு மனிதன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் கட்டிப்பிடித்திருக்க வேண்டும்.

ஏனோ எரிச்சலாக வந்தது. வடிவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடையை மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள்.

வயிறு சரியில்லை. மழைத் தண்ணி.

நவம்பர் 12, செவ்வாய்

வயிறு இன்னும் சரியில்லை. அம்மா கஷாயம் கொடுத்தாள். வயிற்றில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது பக்கம், கொஞ்சம் மேலே என்றேன். “அது வயிறு இல்லல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

ஒரு முடிவு செய்தேன். கைலாசம் அண்ணாச்சிக்கு “ஆண்டின் சிறந்த பறவை ஆர்வலர்” கேடயம். ஒரே பருவத்தில் இத்தனை புது ஆட்களைக் கொண்டுவந்தவர் எங்கள் வட்டத்தின் வரலாற்றிலேயே இல்லை. கேடயத்தில் சங்குவளை நாரை படம். ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

நான் ஒரு முட்டாள். கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். முட்டாள்.

நடை முடிந்ததும் எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, கைலாசம் அண்ணாச்சியை மட்டும் நிறுத்தி, ஒரு சின்ன உரையோடு கேடயத்தைக் கையில் கொடுத்தேன். அவர் கேடயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன சார் இது?”

“உங்க சேவைக்கு.”

“எந்தச் சேவை?”

“பறவைக்கு.”

அப்படியே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். “ஏ சார், நெசமாவே உமக்குத் தெரியாதா? நான் கல்யாணத் தரகர்வே. இது பொண்ணு பாக்குற இடம்.”

அவரே பொறுமையாகச் சொன்னார். வீட்டில் போய்ப் பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு, தெருவே பேசும். கோயிலில் பார்த்தால் சாமி முன்னால் மறுத்த மாதிரி ஆகிவிடும். குளக்கரையில் அந்தத் தொல்லையே கிடையாது. பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் நாங்கள் பறவை பார்க்கத்தான் வந்தோம் என்று போய்விடலாம். “அதுலயும் மழைன்னா ரொம்ப விசேஷம். எல்லாரும் ஷெட்டுக்குள்ள ஒண்டணும்லா? பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல நின்னுதானே ஆகணும். அதான் மழை பெய்தாலும் நடை உண்டுன்னு நீரு போட்டதும், கையெடுத்துக் கும்பிட்டேன்.”

“யாருக்கு மாப்பிள்ளை பாத்தீங்க?” என்று கேட்டேன்.

“வடிவுக்குத்தான். வேற யாருக்கு? மூணு மாப்பிள்ளை கொண்டாந்தேன். ரெண்டு பேரை நீரு பேசியே துரத்திட்டீரு. நீரு தானா பேசினீருன்னா பரவாயில்ல. அந்தப் புள்ள கேள்வி கேட்டு உம்மைப் பத்த வச்சு விடுதா. கொசுவர்த்தியைப் பத்த வச்சுட்டு ஓரமா உக்காந்துக்கிட்ட மாதிரி.”

கொசுவர்த்தி!

“சிங்கப்பூர்க்காரன் மட்டும்தான் உம்ம பேச்சைத் தாங்கி நிக்கான். நல்ல பையன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் அம்மா வாரா. அன்னைக்குப் பிடிச்சுப்போச்சுன்னா தை மாசம் கல்யாணம். வே, உம்ம கால்ல விழுதேன். அந்த ஒரு நாளு மட்டும் வாயைத் திறக்காதியும்.”

சரி என்று சொன்னேன். வாக்கே கொடுத்துவிட்டேன். அவர் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

கோபம் கோபமாக வருகிறது. என் நடைக்கு வந்த கூட்டத்தில் ஒரு மனிதன்கூடப் பறவைக்காக வரவில்லை. உலகநாதனைத் தவிர. அவர் நல்லவராக வேறு இருக்கிறார், அது இன்னும் எரிகிறது.

அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் பொய்யா? ஈசல் இறக்கை? பருந்து? ஒன்றுகூடவா உண்மையில்லை? என்னை எதற்காகப் பற்றவைத்தாள், கொசுவை விரட்டவா, இல்லை...

இல்லை ஒன்றுமில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 20, புதன்

வடிவைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேற்றே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் அவளுக்கு இரண்டு வாரம் முன்பே தெரியுமாம்.

“எப்படித் தெரியும்?”

“நீ தினமும் கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ணி, கரண்ட் நல்லா வருதுன்னு சொன்னியே, அப்பவே தெரியும்.”

“அந்தப் பொண்ணுக்கு இன்னொரு இடத்துல பேச்சு நடக்கும்மா.”

“பேச்சுதானே? உனக்கும் வாய் இருக்குல்லா? ஊர்ல உள்ள கொக்கு, நாரைக்கெல்லாம் வாய் கிழியப் பேசுதே.”

வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையிலும் ஒன்று போட்டாள்.

நவம்பர் 22, வெள்ளி

காற்றழுத்தத் தாழ்வாம். ஞாயிறு மிகக் கனமழையாம். நடையை ரத்து செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. ஒரே ஒரு வரி போட்டால் போதும். குழுவைத் திறந்தேன். முகப்பில் என் வரியே என்னை முறைத்துக்கொண்டு நின்றது. மூடிவிட்டேன். ரத்து செய்தால் சிங்கப்பூர்க்காரர் வடிவு வீட்டுக்கே போய்ப் பார்ப்பார், அவ்வளவுதான். அங்கே நான் இருக்கவே மாட்டேன்.

வாய் திறக்காமலாவது பக்கத்தில் நிற்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் ததும்பி நின்றது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. கரை மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும், மற்ற நாளில் ஒன்றையொன்று அண்டவிடாதவை, மழைக்குப் பயந்து ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஷெட்டுக்குள் நாங்களும் அப்படித்தான். உலகநாதன், அவர் அம்மா, ஆவுடையம்மாள், வடிவு, கைலாசம் அண்ணாச்சி, நான். போதாததற்கு என் அம்மா. “நானும் பறவை பாக்கேன், உனக்கென்ன?” என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

நான் மூலையில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

வடிவு ஆரம்பித்தாள். “சார், அந்த நீர்க்காகம் ஏன் இறக்கையை விரிச்சு விரிச்சு வைக்கி?”

நான் மேலே தகரத்தைப் பார்த்தேன்.

உலகநாதன் பதில் சொன்னார். “அது இறகுல தண்ணி ஊறும். முங்கி மீன் பிடிக்க அது வசதி. ஆனா அப்புறம் காய வச்சாத்தான் நல்லா பறக்க முடியும். சார் போன தடவை சொன்னாரே.” அப்படியே என் வார்த்தை! அவர் அம்மா பூரித்துப்போய், “பொண்ணு நல்லா கேள்வி கேக்கா” என்று ஆவுடையம்மாளிடம் சொன்னார். ஆவுடையம்மாள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

வடிவு என்னைப் பார்த்தாள். “சார், அந்தா கறுப்பா நீந்துதே, அது என்ன?”

“தாழைக்கோழி” என்றார் உலகநாதன்.

ஐயோ! அது நாமக்கோழி! நெற்றியில் வெள்ளையாக நாமத்தைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு எதிரே நீந்துகிறது! தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு! கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன். கைலாசம் அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“சார், அது தாழைக்கோழிதானா?” வடிவு ஒரு அடி கிட்டே வந்தாள்.

கைக்குட்டையைக் கடித்தேன்.

“அடுத்த வாரமே தட்டு மாத்திரலாமா?” என்று உலகநாதன் அம்மா கேட்பது மழைச் சத்தத்திலும் கேட்டது.

வடிவு குடையைத் தரையில் போட்டாள். “ஒரு மாசமா மூடாத வாயை இன்னைக்கு மட்டும் ஏன் சார் மூடி வச்சிருக்கிய?”

கைக்குட்டையை எடுத்தேன். “அண்ணாச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“என்ன வாக்கு?”

“பேச மாட்டேன்னு. நான் பேசினா மாப்பிள்ளை எல்லாம் ஓடிருதாங்களாம். நான் கொசுவர்த்தியாம்.”

“அதுக்குத்தானே உங்களைப் பேசச் சொன்னேன்!” என்று கத்தினாள். அவள் அம்மா, “ஏட்டி!” என்று கையைப் பிடித்தார். அவள் உதறினாள். “நீங்க பேசலன்னா தை மாசம் நான் சிங்கப்பூர்ல இருப்பேன் சார். அங்க கரண்டே போகாதாம். அங்க போயி நான் யாருகிட்ட எந்தத் தெருன்னு கேக்க? பேசுங்க சார்!”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், வேறு எதுவும் வரவில்லை.

“நாமக்கோழிக்கு நெற்றி வெள்ளை. தாழைக்கோழிக்குத்தான் சிவப்பு...”

“பறவையைப் பத்தி இல்ல சார்!”

என் அம்மா பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். “கூறுகெட்டவனே, சொல்லித் தொலையேம்ல!”

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றேன். “நீங்க வராத அன்னைக்கு இந்தக் குளத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. முந்நூறு நாமக்கோழி நின்னுச்சு, ஒண்ணுகூடக் கண்ணுல படல. நீங்க சிங்கப்பூர் போனா நான் எங்க போயி என்னத்தப் பாக்க? போகாதீங்க.”

வடிவு எதையோ சொல்ல வாயெடுத்தாள், அவள் போன் அடித்தது. “எந்தத் தெரு?” என்று பழக்கத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு, “டிரான்ஸ்பார்மர்ல தண்ணி ஏறுதாம். நான் போறேன். அம்மா, நீ பேசி முடி” என்றாள்.

“யாரோட பேசி முடிக்கட்டி?” என்றார் ஆவுடையம்மாள்.

“இவரோடத்தான்!” என்று என்னைக் காட்டிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

உலகநாதன் அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வேன் படியில் நின்று திரும்பி, “சார், அப்போ அது நாமக்கோழியா?” என்றார். ஆமாம் என்றேன். “தேங்க்ஸ் சார்” என்றார். தங்கமான மனிதர். ஒருநாள் அவரை நல்ல குளத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

காய்ச்சல். நூற்றிரண்டு. எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே கிடையாது.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் நடை நடந்தது. இரண்டே பேர். அதில் ஒருவர் கைலாசம் அண்ணாச்சி. “சும்மாதான் வந்தேன், வீட்ல போரடிக்கு” என்றார். தொலைநோக்கியைச் சரியாகப் பிடித்தார்.

மாலையில் வடிவு வீட்டுக்கு முறைப்படி பெண் பார்க்கப் போனோம். போகும் வழியெல்லாம் அம்மா சத்தியம் வாங்கினாள்: பறவையைப் பற்றி மூச்சு விடக் கூடாது, ஜன்னலைப் பார்க்கக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. உட்கார வைத்தார்கள். தட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. வடிவின் தாய்மாமா என் கடை வாடகை, வருமானம், ரத்தக் கொதிப்பு எல்லாம் விசாரித்தார். ஒழுங்காகப் பதில் சொன்னேன். எதிரே வடிவு. நீலப் புடவை. அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே துணி துவைக்கிற கல்.

கல்லுக்குக் கீழே நனைந்த சருகைப் புரட்டிக்கொண்டு ஒரு குருவி. குட்டை வால். பச்சை முதுகு. அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு. ஆறுமணிக்குருவி! இமயத்திலிருந்து மழையில் இந்தப் பக்கம் வரும், புதருக்குள் ஒளிந்து திரியும். சத்தம் கேட்டிருக்கிறேன், பறவை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை. அசதியில் இப்படி யார் வீட்டுக் கொல்லையிலாவது இறங்கும் என்று சொல்வார்கள். இவர்கள் கொல்லையில் இறங்கியிருக்கிறது!

மாமா கேட்டார், “தம்பிக்கு என்ன நட்சத்திரம்?”

“பச்சை” என்றேன்.

அம்மா கிள்ளினாள். கண்ணைத் தரைக்குக் கொண்டுவந்தேன். அது தானாக மேலே போனது. மறுபடி இழுத்துக்கொண்டு வந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை.

“என்ன சார்?” என்றாள் வடிவு. “என் காதுக்குப் பின்னால என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“பொய் சொல்லாதிய.”

அம்மா முகத்தைப் பார்த்தேன். மாமா முகத்தைப் பார்த்தேன். “ஆறுமணிக்குருவி” என்றேன். “நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல.”

மாமா, “யாரை?” என்றார். வடிவு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“போங்க. கிட்டப் போய்ப் பாத்துட்டு வாங்க. அது இப்பப் பறந்துரும். நான் இங்கயேதான் இருப்பேன்.”

எழுந்து ஓடினேன். கொல்லைக் கதவுக்குப் பின்னால், மழையில் சட்டை நனைய, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆசை தீரப் பார்த்தேன். அது ஒரு புழுவைத் தின்றது, என்னை ஒரு பார்வை பார்த்தது, பறந்துபோனது.

திரும்பி வந்தேன். சொன்னபடியே இருந்தாள். என் தட்டிலிருந்த கேசரியைத்தான் காணோம்.